ஜெபம் நடக்கும்போது பேசக்கூடாது

மரியகொரெட்டியின் மஞ்சள் வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரொட்டித் தூள் சிந்தலாம், சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கலாம், ஒருத்தி சடையை இன்னொருத்தி பிடித்திழுத்துச் சண்டைகூடப் போடலாம். அதற்கெல்லாம் கொரெட்டி ஆண்ட்டி கோபப்பட மாட்டாள். ஆனால் காலை ஆறே முக்காலுக்கு ஜெபமாலை தொடங்கிவிட்டால் யாரும் வாய் திறக்கக்கூடாது. வாயில் விரலை வைத்து, மேலே இருக்கும் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், பதினோரு பிள்ளைகளும் கப்சிப்.

அந்தச் சட்டத்தைப் போட்ட அன்றைக்கே யாராவது ஒருவர் அவளைப் பிடித்து, "என்னம்மா கூத்து இது, வண்டி ஓட்டுற நேரத்துல போன் எதுக்கு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வம்பு பேசினால் கேட்பார்கள், சிரித்துச் சிரித்துப் பேசினால் கேட்பார்கள். ஜெபம் செய்கிறவளை யார் போய்க் கேட்பது? நானே கேட்டிருக்க மாட்டேன்.

கொரெட்டிக்கு வயது ஐம்பத்து நான்கு. ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பத்தொன்பது வருடம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்புக்கால் அளவு கம்பிகளை ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த வருடமே புருஷன் சவரிநாதனும் போய்ச் சேர்ந்துவிட்டான். கொஞ்ச நாள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் எழுந்து தலையை வாரிக்கொண்டு, பள்ளி வேன் ஓட்டும் உரிமம் எடுக்கக் கிளம்பிவிட்டாள். அந்தப் பக்கத்து ஆண் ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "அக்கா, வேன நீ ஓட்டுவியா, இல்ல வேன் உன்ன ஓட்டுமா?" என்று கேட்டார்கள். ஆறு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான்.

அவள் பிறந்த தோட்டத்தை விற்றார்கள். தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் இப்போது செண்டாயான் பக்கம் பார்த்த மாடி வீடுகள். அதற்காக யாரும் அழுதுவிடவில்லை. லயத்துக் கக்கூஸ் நாற்றத்துக்கும் ஒழுகுகிற கூரைக்கும் எவன் அழுவான்? ஆனால் தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோவில் இருந்தது. தகரக் கூரை, இருபுறமும் நான்கு நான்கு பெஞ்சு. பத்துப் பத்து மணியாக உருட்டிச் சொல்லும் ஜெபமாலையின் ஐந்து பத்துகளையும் பெஞ்சு வரிசைப்படிதான் சொல்வார்கள். இரண்டாம் பத்து மைக்கல்ராஜ் வீட்டுக்கு. மூன்றாம் பத்து கொரெட்டி வீட்டுக்கு. அவள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

கோவிலை இடித்த பிறகு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சிரம்பான் அடுக்குமாடிக்கு ஒரு குடும்பம், சி ரூசா கடற்கரைப் பக்கம் ஒரு குடும்பம், ஜொகூருக்கு இரண்டு. முன்பெஞ்சு வீட்டுப் பெவர்லி மட்டும் விடவில்லை. வாட்சாப்பில் ஒரு குழு திறந்தாள். தினம் காலை ஆறே முக்காலுக்கு அவள் எல்லோரையும் ஒரே அழைப்பில் கூப்பிடுவாள், இருபத்து மூன்று பேர் வந்து சேருவார்கள். பழைய பெஞ்சு வரிசை அப்படியே. தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் ஒலியை அடைத்து வைத்திருக்க வேண்டும். முறை வந்ததும் திரையில் இருக்கும் சின்ன ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் திறக்க வேண்டும். முன்பு ஒருநாள் யாரோ அடைக்க மறந்து, மீன் பொரிக்கும் சத்தமும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் மாதாவுக்கு முன்னால் கேட்டுவிட்டதால் வந்த ஏற்பாடு.

கொரெட்டிக்கு ஆறே முக்கால் என்றால் வேனில் இருக்கும் நேரம். போனை முன்பக்கத் தட்டில் குத்தவைத்து, வேனின் ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டாள். போன வருடம் பள்ளியில் வேன் ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கொரெட்டி முதல் ஆளாகப் போட்டாள். பொய்க் கையெழுத்து என்று அவளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை. போன் கையிலா இருக்கிறது? பேசுவது வெட்டிக்கதையா?

வேனில் வரும் பிள்ளைகளில் ஒன்பது பேர் இந்துப் பிள்ளைகள். ஆனால் அருள்நிறை மந்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். எட்டு வயது ஷாமினி, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு, வீட்டில் பொம்மையைத் தூங்கவைக்கவும் அதைத்தான் சொல்வாள். அவள் அம்மா ராக்கம்மா வாசலில் நின்று கேலி செய்வாள். "அக்கா, எம்மவளுக்கு ஒரு தேவாரம் சொல்லத் தெரியல. மாதா மந்திரம் தண்ணியா ஒப்பிக்கிறா. நல்லா மாத்திவிட்டீங்க போங்க!"

"நல்லதுதான ஒப்பிக்கிறா, விடு," என்பாள் கொரெட்டி.

அந்த நேரத்துக்காகத்தான் அவள் நாள் முழுக்க உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் போகும் சாலை. இருபுறமும் மரங்கள், அவற்றின் இடுப்பு வரைக்கும் பனி. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. உள்ளே குளிர்சாதனத்தின் முணுமுணுப்பு, பிள்ளைகளின் தூக்கம், அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பழைய குரல்கள். பெவர்லியின் கீச்சுக்குரல் வந்தால் முன்பெஞ்சு தெரியும். யாரோ இருமினால், வெற்றிலைக் கறை படிந்த சன்னல் தெரியும். மெழுகுவத்தி வாசம்கூட வரும். கை தானாகத் திருப்பும், கால் தானாக மிதிக்கும். பல நாள், பள்ளி வாசலில் வேனை நிறுத்திய பிறகுதான் விழித்ததுபோல் சுற்றும் முற்றும் பார்ப்பாள். வந்த வழியில் விளக்கு பச்சையா சிவப்பா, எந்த லாரி எதிரே வந்தது, ஒன்றும் நினைவிருக்காது.

இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள். "நான் எங்க ஓட்டுறேன்? மாதாதான் ஓட்டுறாங்க."

பாவம் மாதா. அவர் தலையில் எத்தனையைத்தான் கட்டுவது.

அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் பெய்த மழை பனியாக இறங்கியிருந்தது. ஷாமினி வழக்கம்போலக் கடைசி வரிசையில், பின்கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். பெவர்லி முதல் பத்தை முடித்தாள். இரண்டாம் பத்தை மைக்கல்ராஜ் எடுத்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. செண்டாயான் தொழிற்சாலை ஒன்றில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். அடித்தொண்டையிலிருந்து வரும் நிதானமான குரல். அந்தக் குரலைக் கேட்டால் கொரெட்டிக்கு அம்மாவின் மடி நினைவு வந்துவிடும். பின்பெஞ்சில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு, பையன் மைக்கல் முதல் தடவை நடுங்கி நடுங்கிப் பத்து மணி சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் சிம்பாங் வந்தது. அங்கே தரையில் வெள்ளைக் கோடு உண்டு. நின்று, வலப்பக்கம் பார்த்து, அப்புறம்தான் திரும்ப வேண்டும். மைக்கல்ராஜ் ஏழாவது மணியைத் தாண்டி எட்டாவதைத் தொடங்கினார். இன்னும் இரண்டுதான், அடுத்தது தன் முறை. கொரெட்டி குனிந்து திரையில் ஒலிவாங்கிப் படத்தைத் தேடினாள். திரை வெளிச்சம் மங்கிப்போய், விரல் இரண்டு தடவை தப்பியது. மூன்றாம் தடவை திறந்தது. வேன் அதற்குள் திரும்பி முடித்துவிட்டிருந்தது. எப்போது திரும்பியது? கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒலிபெருக்கியில், "இப்பொழுதும் எங்கள்..." என்ற இடத்தில் மைக்கல்ராஜின் குரல் அறுந்தது. "ஐயோ மாதாவே" என்று ஒரு சத்தம். ஏதோ தகரம் உருண்டதுபோல் கடகட. அப்புறம் ஒன்றுமில்லை.

"ஆண்ட்டி! ஆண்ட்டி!" என்று பின்னாலிருந்து ஷாமினி கூப்பிட்டாள்.

கொரெட்டி மேல்கண்ணாடியில் பார்த்தாள். விரலை எடுத்து வாயில் வைத்தாள். ஷாமினி வாயை மூடிக்கொண்டாள்.

"எதையோ கீழ போட்டுட்டாரு போல, லைனும் போச்சு," என்றாள் பெவர்லி. அந்தச் செம்பனைக் காட்டில் லைன் போவதொன்றும் புதிதில்லை. அரைகுறையாக விடக்கூடாதென்று, மைக்கல்ராஜ் விட்ட எட்டாவது மணியைக் கொரெட்டியே முடித்தாள். ஒன்பதும் பத்தும் சொன்னாள். பிறகு தன் முறையையும் சொன்னாள். அன்று குரல் நன்றாக இருந்தது என்று பிறகு நாலு பேர் குழுவில் எழுதினார்கள்.

காலை பத்து மணி வாக்கில் பெவர்லியின் குரல்செய்தி வந்தது. அழுகைக்கு நடுவே பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மைக்கல் அண்ணன் காலையில் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளோடு சாலையோர லோங்காங் சாக்கடையில் விழுந்துவிட்டார். தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை. கிளைச்சாலைக்குள்ளிருந்து ஏதோ ஒரு வண்டி நிற்காமல் குறுக்கே வந்திருக்கிறது, விளக்கு மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்ததாம். லோங்காங் தண்ணீரில் இருபது நிமிடம் கிடந்திருக்கிறார். பால் கொண்டுபோன ஒரு வங்காளதேசத்துப் பையன் பார்த்துத் தூக்கியிருக்கிறான்.

குழுவே கொதித்தது. ஆளாளுக்கு அந்த ஓட்டுநரைச் சபித்தார்கள். கொரெட்டிக்கும் இரத்தம் கொதித்தது. அவளும் போனை வாயருகே வைத்துக்கொண்டு பேசி அனுப்பினாள். "நின்னுகூடப் பாக்கலியே, மனுஷ ஜென்மமா அவன்? அந்தப் பாவி கை விளங்காமப் போக!"

மத்தியானம் பிள்ளைகளை ஏற்றினாள். வழியில் ஒவ்வொருவராக இறங்கிப்போக, கடைசியில் மிஞ்சியது ஷாமினி மட்டும். அவள் பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு இருக்கையாக முன்னால் வந்து, கொரெட்டியின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"ஆண்ட்டி, ஜெபம் முடிஞ்சிருச்சா? இப்பப் பேசலாமா?"

"முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! பேசேன்டி."

"காலையில ஒரு அங்கிள் விழுந்துட்டாரு ஆண்ட்டி. நம்ம வேன் திரும்பிச்சில்ல, அப்ப அவரு மோட்டார் அப்படியே வளைஞ்சு லோங்காங்ல போயிருச்சு. நான் கண்ணாடியில பாத்தேன். ரேடியோல மைக்கல் அங்கிள் ஐயோன்னாரே, அப்பதான். நான் கூப்பிட்டேன் ஆண்ட்டி." ஷாமினி விரலை வாயில் வைத்துக் காட்டினாள். "நீங்க இப்படிப் பண்ணீங்க."

கொரெட்டி வேனை ஓரம் கட்டினாள். ஸ்டீயரிங்கில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். காலையில் விளங்காமல் போகச் சொன்னது இந்தக் கைகளைத்தான்.

ஷாமினியை வீட்டில் விட்டுவிட்டு சிம்பாங்குக்குப் போனாள். வெள்ளைக் கோடு, அகலமாக, நேற்றுப் பூசியதுபோல் பளிச்சென்று கிடந்தது. ஆறு வருடமாக அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறாள். லோங்காங் ஓரத்தில் புல் நசுங்கியிருந்தது. மோட்டாரின் ஒரு பக்கக் கண்ணாடி உடையாமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றின் சத்தம் இவ்வளவு பெரிதா என்று இருந்தது அவளுக்கு.

யாருக்கும் தெரியாது. மைக்கல்ராஜ் பார்த்தது விளக்கை மட்டும். தெரிந்த ஒரே ஆள் எட்டு வயதுப் பெண். விரலை வாயில் வைத்தால் வாயை மூடிக்கொள்ளும் பெண். இன்னொரு தடவை விரலை வைத்துவிட்டால் போதும். வேன் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், மூன்றாம் பத்தும் இருக்கும். பொய் சொல்வானேன், அந்த நினைப்பு அவளுக்கு வந்தது. மறுநாள் காலை ஷாமினி வீட்டு வாசல்வரை அந்த நினைப்போடுதான் போனாள்.

ஷாமினி ஏறினாள். ஏறும்போதே, யாரும் சொல்லாமல், தானாகவே விரலை வாயில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

கொரெட்டி, "விரல எடுடி, கண்ணு," என்றாள்.

ஆறே முக்காலுக்குப் போன் பாடியது. கொரெட்டி சிம்பாங்குக்கு முன்னாலிருந்த பழைய பேருந்து நிறுத்தத்தில் வேனை ஒதுக்கினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கி அடங்கி, போனிலிருந்தே சன்னமாகக் குரல் வந்தது. பனி மெல்ல வந்து கண்ணாடிகளை மூடியது. பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

பெவர்லி முதல் பத்தை முடித்தாள். இரண்டாம் பத்தை யார் சொல்வது என்று ஒரு தயக்கம். அப்போது, "நானே சொல்றேன்," என்று ஒரு குரல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மைக்கல்ராஜ். குரல் பாதியாகியிருந்தது. பத்தையும் மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தார். அடுத்தது மூன்றாம் பத்து.

"கொரெட்டி, உன் மொறம்மா. திறக்க மறந்துட்டியா?" என்றாள் பெவர்லி.

"திறந்துதான் இருக்கு," என்றாள் கொரெட்டி. "இன்னிக்கு நான் ஜெபம் சொல்லப் போறதில்ல. வேற ஒன்னு சொல்லணும். மைக்கல் அண்ணே, அந்த வண்டி என் வேன்தான். கோட்டுல நான் நிக்கல. இந்தப் போன்ல அந்தப் படத்தத் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க விழுந்தது எனக்குத் தெரியாதுண்ணே, சத்தியமா தெரியாது. புள்ள பாத்துட்டுக் கூப்பிட்டுச்சு. நான்தான் அத வாய மூடச் சொன்னேன். நீங்க தண்ணியில கெடந்தீங்க, நான் உங்க மணிய எண்ணிக்கிட்டுப் போனேன்." அதற்குமேல் முடியவில்லை. வாய்விட்டு அழுதாள்.

இருபத்து மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். யாரோ ஒருவர் அழைப்பை விட்டு வெளியேறினார். இன்னொருவரும் வெளியேறினார்.

மைக்கல்ராஜ் பேசினார்.

"கொரெட்டி, இப்ப வண்டி ஓட்டிக்கிட்டா பேசுற?"

"இல்லண்ணே. ஓரமா நிறுத்திட்டேன். சாவி கையில இருக்கு."

"புள்ளைங்க?"

"உள்ளதான் இருக்குங்க."

"எனக்கு உம்மேல கோவம் இல்லன்னு சொல்ல முடியாது," என்றார். "தண்ணியில கெடக்கும்போது அந்த வண்டிக்காரன என்னென்னமோ சபிச்சேன். ஆனா நானும் ஒன்னு சொல்லிடறேன், என் பொண்டாட்டிக்குக்கூட இன்னும் சொல்லல. ஹெல்மெட்டுக்குள்ள காதுல மாட்டிக்கிட்டுத்தான் வந்தேன். லைட்டு வெளிய வர்றது தெரிஞ்சிச்சு. மணி பாதியில நிக்குதே, முடிச்சுட்டு பிரேக் பிடிக்கலாம்னு நெனச்சேன். அம்புட்டுத்தான் இருந்துச்சு நேரம்." அவர் இருமினார். "போன வையி. புள்ளைங்கள எறக்கி விட்டுட்டு, நேரா போலீஸ் ஸ்டேசன் போ. அப்புறம் இங்க வா. இதயெல்லாம் போன்ல பேசாத லா."

கொரெட்டி சரி என்றாள். பெவர்லி என்ன செய்வதென்று தெரியாமல், நான்காம் பத்துக்காரரைக் கூப்பிடவா வேண்டாமா என்று கேட்டாள். கொரெட்டி அழைப்பைத் துண்டித்தாள். போனை அணைத்து, இருக்கைக்குப் பின்னாலிருந்த மழைச்சட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். உரிமம் கொஞ்ச நாளைக்கோ முழுசாகவோ போகலாம். ராக்கம்மா வாசலில் நின்று கேலி செய்யமாட்டாள். அவள் முகத்தைப் பார்த்து இதையே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். பதினோரு வீட்டு வாசலிலும் சொல்ல வேண்டும். அதெல்லாம் நடந்தது. அதில் மூன்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அப்போது, அந்தப் பனிக்குள், பதினோரு பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைப் போட்டாள்.

"ஆண்ட்டி," என்றாள் ஷாமினி, பின்னாலிருந்து, மிக மெதுவாக. "இப்பப் பேசலாமா?"

"பேசுடி ராசாத்தி. சத்தமாவே பேசு. எல்லாரும் பேசுங்க."

முதலில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி பென்சில் காணோம் என்றாள். இன்னொருவன் அவள்தான் திருடினாள் என்றான். கொஞ்ச நேரத்தில் வேன் முழுக்க ஒரே கூச்சல். கொரெட்டி கண்ணாடியைத் துடைத்து, சன்னலை இறக்கிவிட்டாள். செம்பனை மட்டைகளிலிருந்து சொட்டும் பனி, எங்கோ ஒரு சேவல், ஈரத் தாரில் தன் சக்கரங்கள் உருளும் சத்தம் எல்லாம் உள்ளே வந்தன. ஆறு வருடம் ஓட்டிய சாலையில் அன்றுதான் முதன்முதலாகப் போவதுபோல் இருந்தது.

வெள்ளைக் கோடு வந்தது. நிறுத்தினாள்.

"ஆண்ட்டி, மோட்டார் வருது!" என்று ஷாமினி கத்தினாள்.

"பாத்துட்டேம்மா," என்றாள் கொரெட்டி.

பனிக்குள்ளிருந்து ஒற்றை விளக்கு வந்தது. யாரோ ஒருவர், முகம் தெரியாத யாரோ, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் கடந்து, சத்தம் தேய்ந்து, பின்விளக்கின் சிவப்பு முழுசாக மறையும்வரை அவள் பிரேக்கை மிதித்த காலை எடுக்கவில்லை.